மிதி, பிடி, விடாதே!

புத்தூரில் இருந்துகொண்டு வண்டிக்கு பிரேக் சரிபார்ப்பது ஊருக்குச் செய்கிற துரோகம் என்பது எதிர்வீட்டு அண்ணனின் கட்சி. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. திருத்தணி தாண்டி ரேணிகுண்டா போகிற வழியில் கிடக்கும் இந்த ஊர் தமிழ்நாட்டில் இத்தனை பேருக்குத் தெரிந்திருப்பது உடைந்த கை கால்களின் புண்ணியம். 2022-ல் எங்களைச் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். வெளியூர்க்காரர் ஒருத்தரும் அதை விசாரிக்கவில்லை. முட்டை வெள்ளையும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றும் ‘புத்தூர் கட்டு’ பற்றி மட்டும் எல்லோரும் விசாரிப்பார்கள். கட்டுப் போட வந்து இறங்குகிறவர்களில் மாமரத்திலிருந்து விழுந்தவர், மாடிப்படியில் சறுக்கியவர் போக, மிச்சம் பேர் ஏதோ ஒரு பிரேக்கை நம்பியவர்கள். உள்ளூர்க்காரனே பிரேக்கைப் பழுதுபார்க்கக் கிளம்பினால் ஊர்த் தொழில் என்னாவது?

என் வண்டி ஒரு குட்டி யானை. 2005-ல் டாடா கம்பெனி ஏஸ் என்ற பெயரில் இறக்கிய ரகம். இரண்டே சிலிண்டர் டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். என்னிடம் இருப்பது பல கை மாறி வந்தது. குட்டி என்று கூப்பிட அதற்கே வெட்கமாக இருக்கும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம். பெடலை மிதித்தால் டிரம்முக்குள் இருக்கும் பிறை வடிவ ஷூ இரண்டும் விரிந்து, சுற்றுகிற டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ கொண்டுவந்த ஏற்பாடு இன்னமும் மாங்காய் லோடோடு நகரி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலி வண்டியில் பிரேக் அடித்தால் பாரம் முன்னால் சாயும். முன் பிரேக்கே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். பின்னால் பெங்களூரா மாங்காயை மலையாகக் குவித்துவிட்டால் கதை வேறு. அப்போது டிரம்மும் உழைத்தாக வேண்டும். ஆனால் உள்ளே லைனர் தேய்ந்து காகிதமானாலும் வெளியே தெரியாது. கர்ரென்று ரிவெட் டிரம்மைக் கீறும் சத்தம்தான் முதல் தகவல் அறிக்கை. என் வண்டியில் அதை முதலில் கேட்டது என் மனைவி.

“ஏங்க, வண்டி அழுவுது.”

“சைலன்சரா இருக்கும்.”

“சைலன்சர் எங்கியாவது பிரேக் போட்டா மட்டும் அழுவுமா?”

வீட்டு வாசலில் ஜாக்கி ஏறியது. முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவன் நேராகப் புத்தூர் கட்டுக்குப் பதிவு செய்துகொள்கிறான் என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்தைக் கழட்டியதும் தெருவே கூடிவிட்டது.

டிரம் வரவில்லை. “கட்டிகா கொட்டண்ணா!” என்றது ஒரு தெலுங்குக் குரல். ஓங்கி அடி என்று தமிழில் வழிமொழிந்தது இன்னொன்று. எங்கள் தெருவில் ஆலோசனைக்கு மொழிப் பிரச்சினையே கிடையாது. ஓங்கி அடித்தால் டிரம் கீறல் விடும். ஷூ தேயத் தேய டிரம்மின் உள்பக்கமும் தேய்ந்து, ஓரத்தில் ஒரு கரை எழும்பிவிடும். ஷூ அந்தக் கரையில் சிக்கிக்கொண்டு டிரம்மை வெளியே விடாது. அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி ஷூவை உள்ளே வாங்கி, சுற்றிலும் லேசாகத் தட்டினால் தானாக வரும். வந்தது. கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம்.

உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதை வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஊதுவதற்கு எதிர்வீட்டு அண்ணன் குனிந்தே விட்டார், இழுத்துப் பிடித்தோம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம். ஆயில் கசிகிறது. ஷூவோடு சிலிண்டரையும் மாற்றியாக வேண்டும்.

இந்த வேலையில் ஒரு பொன்விதி உண்டு. ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தைத் தொடவே கூடாது. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தக் கொக்கி எந்தப் பக்கம் பார்த்து என்பதற்கெல்லாம் அதுதான் கோனார் நோட்ஸ். இடது வலது மாற்றிப் படித்தால் போதும். ரிட்டர்ன் ஸ்பிரிங் மட்டும் எந்த நோட்ஸுக்கும் கட்டுப்படாது. பிளையரிலிருந்து நழுவியது பக்கத்து வீட்டு வடாம் பாயில் போய் இறங்கியது. ஒரு வடாம் குறைந்ததற்கு அந்த வீட்டு அத்தை இன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்.

கடைசி வேலை ஏர் எடுப்பது. பிரேக் லைனில் காற்று புகுந்திருந்தால் பெடல் கொழகொழவென்று இறங்கும். மேலே ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருத்தர் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து, குமிழியும் ஆயிலும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மேலே என் மச்சான், கையில் செல்போனோடு. கீழே நான்.

“மிதிடா! நல்லா மிதி! விடாதே! இன்னும் மிதி!”

தெருவோடு போன பெரியவர் ஒருவர் வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார். மிதிபட்ட ஆளைக் கட்டுப் போடுகிற இடத்துக்கு ஏற்றிப்போக டிரைவரும் தயார். “மாமாவுக்கு ஒண்ணும் இல்ல, பிரேக்தான் பாக்குறோம்” என்று மச்சான் எட்டிப் பார்த்துச் சொன்னான், காலை பெடலிலிருந்து எடுத்துவிட்டு. மறுபடி முதலிலிருந்து.

டிரம்மைக் கையால் சுற்றினால் ஷூ லேசாக உரச வேண்டும், பிடிக்கக் கூடாது. அந்த அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பி வைத்து, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் காலி வண்டியை மெதுவாக ஓட்டி, மிதித்து மிதித்துப் பார்த்த பிறகே லோடு.

வண்டிக்காரர்கள் ஏர் ஹாரனுக்கும் பெயின்ட்டுக்கும் யோசிக்காமல் காசு எடுப்பார்கள். எலுமிச்சை மிளகாய் வாரம் தவறாமல் மாறும். பிரேக்குக்கு மட்டும் ஏழுமலையான் பொறுப்பு. வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களும் அப்படியே. எத்தனை மூட்டை தாங்கும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்பார்கள். நிற்குமா என்று ஒரே ஒருத்தர்தான் என்னைக் கேட்டிருக்கிறார். கட்டுப் போடுகிற இடங்களுக்கு முட்டை சப்ளை செய்கிற வியாபாரி அவர்.

“பிரேக் எப்படி?”

“புது ஷூ. கால் வச்சா அப்படியே நிக்கும்.”

“அப்படியே நின்னா வேணாம் தம்பி,” என்று அட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டார். “நான் வேற வண்டி பாத்துக்கறேன்.”