புது மஸ்டாங்குக்குச் சலுகை விலை கேட்டல்: நூற்பாவும் உரையும்

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது பற்றி நம்மிடம் வாய்மொழி மரபு செழித்துக் கிடக்கிறது. பட்டுப்புடவைக்கும் அப்படியே. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அப்போதுதான் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, "நான் உங்கள் கூட்டாளி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன்" என்ற ஒற்றைத் தகுதியை நீட்டிச் சலுகை விலைக்கு ஆர்டர் செய்யும் கலை ஆய்வாளர் எவர் கண்ணிலும் படவில்லை. அந்த அவலத்தைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுப் பரப்பு. ஃபோர்டு நிறுவனம் தன் மஸ்டாங்கின் ஆறாம் தலைமுறையை 2013 டிசம்பர் 5 அன்று டியர்பார்ன் தொடங்கி ஷாங்காய், சிட்னி வரை ஆறு நகரங்களில் ஒரே நாளில் திரை விலக்கிக் காட்டியது. 2015 மாடல் என்று பெயர். அப்போது தொடக்க விலை 23,600 டாலர். வி-8 எஞ்சின் கொண்ட ஜிடி 32,100 டாலர். கொண்டுவந்து சேர்க்கும் கூலி தனி. முதல் மஸ்டாங் 1964இல் வந்ததால் பொன்விழாப் பதிப்பில் சரியாக 1,964 வண்டிகளே செய்தார்கள். ஆண்டையே எண்ணிக்கையாக்கிய அந்த மூளைக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டு மேலே செல்வோம்.

அடுத்தது எழுத்ததிகாரம். ஃபோர்டின் சலுகை உலகம் எழுத்துகளால் ஆனது. ஏ பிளான் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது. இசட், ஓய்வு பெற்றோருக்கு. டி, விற்பனை நிலையத்தில் வேலை செய்வோருக்கு. எஞ்சிய மானுடம், அதாவது நண்பர், அண்டை வீட்டார், உதிரிபாகம் செய்து தரும் கம்பெனியின் ஊழியர் ஆகியோருக்கு எக்ஸ் பிளான். விலை டீலரின் இன்வாய்ஸை ஒட்டியே இருக்கும். இன்வாய்ஸிலேயே அச்சாகியும் இருக்கும். எனவே பேரம் கிடையாது. ஆவணக் கட்டணம் என்ற பெயரில் இஷ்டத்துக்குத் தீட்டவும் முடியாது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. மஸ்டாங் போன்ற வண்டியில் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் மிச்சமாகலாம்.

கூட்டாளி என்ற வகைக்குள் யாரெல்லாம் அடங்குவர் என்பது தனி ஆய்வுக்குரியது. விஸ்கான்சின் மாநிலம் ஓஷ்கோஷ் ஊரில், சொந்தமாக விமானம் கட்டிப் பறப்போரின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் ஓராண்டு உறுப்பினராக இருந்தவருக்கும் எக்ஸ் பிளான் கிடைத்திருக்கிறது. விமானத்தில் ஒரு திருகாணிகூட முடுக்க வேண்டியதில்லை. சந்தா கட்டினால் போதும்.

சந்தா கட்டும் பொறுமை இல்லாதோர் ஊழியர் ஒருவரிடம் 'பின்' எண் வாங்க வேண்டும். ஓர் ஊழியர் ஓர் ஆண்டில் இத்தனை பேருக்குத்தான் தரலாம் என்று வரம்பு இருப்பதால் இது நட்பின் கரன்சி. டெட்ராய்ட் புறநகர்த் தமிழ்ப் பொறியாளர்களிடையே இந்தச் சடங்கு தொலைபேசியில் நடக்கும் விதம் கீழ்வருமாறு.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணி, பசங்கல்லாம்?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் தம்பி. எந்த வண்டி?"

"மஸ்டாங்ணே. ஜிடி."

"வீட்ல கேட்டாச்சா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒரு சிரிப்புதான். சிரிப்பை அண்ணன் சம்மதமாக எடுத்துக்கொள்வார். சில நிமிடங்களில் பின் வந்து சேரும். தம்பி அதைத் தாம்பூலம்போல் ஏந்திக்கொண்டு டீலரிடம் போவார். ஆய்வின் மையச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதை நூற்பாவில் அடக்கலாம்:

விரும்புவார் பலரெனின் எண்ணது வலியிலை;
விரும்புவார் இலரெனின் எண்ணே மிகையே.

இது என் நுதலிற்றோ எனின், சலுகை எண்ணின் வலிமையும் வலியின்மையும் உணர்த்துதல் நுதலிற்று. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் டீலர் தனி வியாபாரி. கம்பெனி தன் காரைத் தானே நேரடியாக விற்றுவிட முடியாதபடி சட்டம் அவரைக் காக்கிறது. கம்பெனி சொல்வது பரிந்துரை விலை மட்டுமே. எக்ஸ் பிளானை ஏற்றுக்கொண்ட டீலர் அந்த விலைக்கு மேல் ஒரு டாலரும் வாங்கக் கூடாது, மெத்தச் சரி. ஆனால் ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பந்தியில் பரிமாறுபவர் நம் ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருக்கலாம். வாளியில் வடை இரண்டுதான் என்றால் சித்தப்பாவும் நம் இலையைத் தாண்டித்தான் போவார்.

களத்தில் இது எப்படித் தெரியும்? குடும்பக் கார் ஒன்றின் பெயரைச் சொல்லி எக்ஸ் பிளான் கேளுங்கள்: "தாராளமாக, உட்காருங்கள், காபி?" புது மஸ்டாங் என்று சொல்லுங்கள்: "மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்." போனவர் கண்ணாடி அறைக்குள் மேனேஜரோடு பேசுவதை நாம் வெளியிலிருந்து பார்க்கலாம். அவர்கள் நம் விலையைப் பற்றிப் பேசுவதில்லை, நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் கருதுகோள். காத்திருக்கும் நேரத்தில் அருகே நிற்கும் காரின் ஜன்னல் சீட்டைப் படிக்கலாம். ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒட்டப்படுவது அது. பரிந்துரை விலையை வரி வரியாகச் சொல்லும். புது மாடலாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு சின்னச் சீட்டும் இருக்கும்: சந்தை நிலவரத்துக்காகச் சில ஆயிரம் டாலர் கூடுதல். விலையைச் சொல் என்றுதான் மன்ரோனி சட்டம் போட்டார். பக்கத்தில் வேறொன்றை ஒட்டாதே என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

கைதேர்ந்தோர் கண்ணாடி அறைப் பக்கமே போவதில்லை. சிற்றூர் டீலர்கள் உட்படப் பலருக்கு மின்னஞ்சல் தட்டி, "ஆர்டர் படிவத்தில் எக்ஸ் பிளான் என்று எழுதித் தருவீர்களா?" என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவார்கள். வாய்வார்த்தையாகச் சரி என்றவர், வண்டி ஃப்ளாட் ராக் தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும் நாளில் மறதிக்காரராகிவிடக் கூடும்.

இங்கே ஒரு தடை. "அவ்வளவு பாடு எதற்கு? ஒரு வருஷம் பொறுத்தால் ஊருக்கெல்லாம் தள்ளுபடி வருமே. அதையும் எக்ஸ் பிளானோடு பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளலாமே?" விடை: வரும், சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வாங்கியிருப்பார். ஸ்போர்ட்ஸ் காரின் குதிரைத்திறனில் கணிசமான பங்கு எதிர்வீட்டில் அது இல்லாதிருப்பதிலிருந்து பிறக்கிறது. காமாலை வந்தவனிடம் கீழாநெல்லி அடுத்த வருஷம் மலிவாகும் என்று சொல்வதற்கில்லை.

புது மாடலை வாங்குவதில் மெய்யாகவே லாபம் கண்டவர் என்று வரலாற்றில் உறுதியாகக் காட்ட முடிந்தவர் ஸ்டான்லி டக்கர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த விமானி. 1964இல் செயின்ட் ஜான்ஸ் நகர டீலரிடம் ஒரு வெள்ளை கன்வெர்டிபிள் மஸ்டாங்கைக் கண்டார், பிடித்திருந்தது, வாங்கிவிட்டார். அது வரிசை எண் ஒன்று. காட்சிக்கு மட்டும் அனுப்பப்பட்ட, விற்கவே கூடாத வண்டி. ஃபோர்டு கேட்டுப் பார்த்தது. டக்கர் தரவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தார். 1966இல், மஸ்டாங் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்ட சமயத்தில், வசதிகளெல்லாம் சேர்த்த புது வண்டி ஒன்றை ஈடாகக் கொடுத்த பிறகுதான் பழையது திரும்பி வந்தது. இப்போது டியர்பார்ன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இரண்டு வருஷம் ஓட்டிய காரைக் கொடுத்துப் புதுக் காரை வாங்கிய இந்த முறையை எக்ஸ் பிளானின் கீழ் அடக்குவதா, இதற்கென்று தனி எழுத்து ஒதுக்குவதா என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.