நோயாளி விழுந்தாலும் மார்க் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி உங்கள் பொறுப்பில் இருக்கிறது; தர ஆய்வுக் குழு வரப்போகிறது. நோயாளி விழாமல் காக்க ஊழியர்களுக்குத் தெரியுமா என்று சோதித்துக் கோப்பில் வைத்தாக வேண்டும். தேசியத் தரச்சான்று ஆய்வில் நான்கு வழி உண்டு: கண்ணால் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, ஆவணம் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது. உழைப்பையெல்லாம் மூன்றாவதில் போடுங்கள். நான்காவது தொடங்கும்போது டீ வரட்டும்.

தேர்வு காலை பதினொரு மணிக்கு. ராத்திரி இரண்டு மணி ஆகவே ஆகாது. அப்போதுதான் பெரியவர்கள் ஒன்றுக்குப் போக எழுவார்கள். ஒரே சிஸ்டர் இரண்டு வார்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார்.

நர்ஸ்களை மட்டும் சோதியுங்கள். ஆயாம்மாவிடம் போய்விடாதீர்கள். "கைப்பிடி ஆடுதுங்க சார், சோப்புத் தண்ணி வாசப்படியிலயே நிக்குது" என்பார். அ, ஆ, இ, ஈ எதிலும் அந்த விடை இல்லை.

கேள்விகளுக்கு, விழும் ஆபத்தை அளக்கும் மோர்ஸ் அளவுகோல் இருக்கிறது. ஜானிஸ் மோர்ஸ் 1980-களில் கனடாவில் உருவாக்கியது. முன்பு விழுந்தவருக்கு 25, வேறொரு நோயும் இருந்தால் 15, டிரிப்ஸ் ஓடினால் 20. நர்ஸ் பிடித்து நடத்தினால் 0, கைத்தடிக்கு 15, மேசை நாற்காலியைப் பற்றி நடந்தால் 30. பெண்டாட்டி தோளைப் பிடித்து நடந்தால்? அதற்குக் கட்டமே இல்லை. நம் வார்டில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள் என்பதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

நடைக்கும் மார்க் உண்டு: 0, 10, 20. இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் குறுக்கே வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. அதற்கு முன் பல வருஷம் ஃப்ளோரைடு கலந்த போர்த் தண்ணீர் குடித்து விறைத்துப்போன முழங்காலுக்கு அது வந்தது தெரியாது. பென்னாகரத்துப் பெரியவர் இந்தியன் கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியாது. எல்லோருக்கும் 10 போட்டுவிடுங்கள், கூட்டல் சுலபம்.

இத்தனைக்குப் பிறகும் 45-ஐத் தாண்டாதவர் வார்டில் தேறமாட்டார். எல்லோருமே 'அதிக ஆபத்து' என்பதால் எல்லோர் கையிலும் மஞ்சள் பட்டை கட்டுங்கள். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டிய ஊர் மாதிரி இருக்கும். இனி காப்பது அவள் பாடு.

பிறகு அரைமணி நேர வகுப்பு, சாயங்காலம் அதே கேள்வித்தாள். காலையில் 12 வாங்கியவர் 27 வாங்குவார். உடனே வரைபடம் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்கும் கெட்ட பழக்கம் வேண்டாம்.

யாராவது விழுந்தே விட்டால், பதிவேட்டில் 'விழுந்தார்' என்று எழுதுகிறவருக்கு மெமோ கொடுங்கள். அடுத்த முறை 'தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்' என்று அவரே எழுதக் கற்றுக்கொள்வார். இந்தப் பாடத்துக்கு மட்டும் வகுப்பே தேவைப்படுவதில்லை.

ஆய்வு நாளன்று கட்டில்களுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பாய் விரித்துப் படுத்திருக்கும் பாலக்கோட்டு அம்மா, கணவர் எழுந்தால் தனக்கு விழிப்பு வரட்டும் என்று முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்திருப்பார். அவிழ்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் பட்டை மறைகிறது.