ஒரு கை குறைகிறது

துறையூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் விடியற்காலை பஸ்ஸில், திருவெள்ளறையில் ஏறுகிறவர்களுக்குள் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கையில் கீரைக்கட்டு, பூக்கூடை, தூக்குவாளி. இவருக்கு வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை ஷூ, முதுகில் நீளமாக ஒரு பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு கைப்பிடி.

"கொசு பேட்டா சார்? இவ்ளோ பெருசா எங்க வாங்குனீங்க?" என்பார் கண்டக்டர்.

அவருக்குக் கோபம் வராது. "நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்பார்.

டென்னிஸுக்கு ஆள் தேடுகிறவர்களின் ஜாதி லட்சணம் இது. புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதலில் தோளைப் பார்ப்பார்கள், அடுத்து முழங்காலை. முகத்துக்கு வருவது கடைசியில்தான். துக்க வீட்டில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட, பந்தலில் நாற்காலி தூக்கிப் போடும் பையனின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பார்கள்.

பாவம், அவர்கள் பிடித்த ஆட்டம் அப்படி. கிரிக்கெட்டுக்கு ஒரு சுவரும் ஒரு பொடியனும் போதும். ஷட்டில் என்றால் வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஆடிவிடலாம். டென்னிஸ் கோர்ட் மட்டுமே 78 அடி நீளம், 36 அடி அகலம். பின்னால் ஓட, பக்கத்தில் பாய என்று இடம் விட்டால் 120-க்கு 60. அதாவது 7,200 சதுரடி. சென்னைக்காரர் கணக்கில் மூன்று கிரவுண்ட், நம்மூர்க் கணக்கில் பதினாறரை சென்ட்.

நம்மவர் சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இந்தக் கணக்கைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "பதினாறரை சென்டுல ரெண்டே ரெண்டு பேரு ஓடுறதா? நூத்தம்பது வாழை நிக்கும்டா." பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். புழுங்கல் நெல் காயவைப்பதற்கென்று போட்ட பெரிய பெரிய சிமெண்ட் களங்கள் அங்கே உண்டு. டிரையர் வந்த பிறகு பல களங்கள் சும்மா கிடக்கின்றன. இது சென்னையில் முப்பது வருஷம் கோர்ட் கோர்ட் என்று அலைந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஓர் ஆலை முதலாளியைப் பிடித்தார், கோடு போட்டார், வலை கட்டினார். நடுவில் மூன்றடி, கம்பத்தருகே மூன்றரை அடி என்று டேப் வைத்து அளந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் காலியாக இருப்பது உறைத்தது.

மூட்டை ஏற்றும் தம்பி ஒருவனைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்தார். தம்பிக்கு டென்னிஸ் பந்து புதிதல்ல. நம்மூர்ப் பெட்டிக்கடைகளில்கூடக் கிடைக்கிற சாமான்தான் அது, வாங்குகிற அத்தனை பேரும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் என்பதுதான் சிக்கல். வந்த முதல் சர்வீஸையே தம்பி தவிட்டுக் குடோனுக்கு மேலே சிக்ஸர் அடித்தான். கூட வேலை செய்கிறவர்கள் கை தட்டினார்கள். இரண்டாவது பந்தும் போனது. ஒரு டப்பாவில் மூன்றே பந்துதான் வரும்.

சென்னையில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டார். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தைப் பற்றி மட்டும் பேசுவார். 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் அங்கே நடந்தபோது போட்டி வாரத்தில் அவர் லீவில் இருப்பது வங்கி அறிந்த ரகசியம். 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் மூன்று செட்டையும் டை-பிரேக்கருக்கு இழுத்து, நான்கு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆடியதை அப்படியே நடித்துக் காட்டுவார். ஜெயித்த நடால் அடுத்த நாள் இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டார். நம்மவருக்கு அந்த ஸ்கோர் வாழ்நாள் சொத்து. யாரிடம் எப்படித் தோற்றாலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடாலே இங்க ஆறு-பூஜ்யம் வாங்கியிருக்கான் சார்" என்று முடித்துவிடலாம்.

ஆடியது என்னவோ ஒரு கிளப்பில், அதுவும் நண்பர் தயவில். அங்கே மார்க்கர் என்று ஒருவர் இருந்தார். பழைய கிளப்புகளில், துணைக்கு ஆள் இல்லாத உறுப்பினரோடு சம்பளத்துக்கு ஆடுகிறவருக்கு அந்தப் பெயர். வயிறு தள்ளிய கனவான்களின் பேக்ஹேண்டுக்கு வாகாகப் பந்தைப் போட்டு, ஐந்துக்கு ஐந்து வரை கொண்டுவந்து, மூச்சிரைப்பது போல நடித்து 7-5-இல் தோற்றுக் கொடுப்பது பெரிய கலை. அதற்குத் தேசிய விருது ஏதும் இல்லாதது அநியாயம். அவரிடம் ஜெயித்துப் பழகியதில்தான் நம்மவர் கெட்டுப்போனார் என்பது என் கட்சி.

திருச்சியில் ஆடுகிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். காஜாமலை அண்ணா ஸ்டேடியத்தில் கோர்ட் உண்டு. துவாக்குடி என்.ஐ.டி.யில் உண்டு. ஆனால் வளாகத்து ஆட்டம் மாணவர்களுக்கு, குடியிருப்பு ஆட்டம் ஊழியர்களுக்கு, கிளப் ஆட்டம் உறுப்பினர்களுக்கு. எல்லா வாசலிலும் ஒரு வாட்ச்மேன்.

திருவெள்ளறைக்கு வந்தவர்கள் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வெளியே இருக்கும் நாலுமூலைக் கேணியைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னால், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்தது. கல்வெட்டில் அதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. ஸ்வஸ்திக வடிவம். நான்கு பக்கமும் படிக்கட்டு மடங்கி இறங்குவதால், ஒரு துறையில் குளிக்கிறவர் அடுத்த துறைக்காரர் கண்ணில் பட மாட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் குளித்துவிட்டு, பார்க்காமலேயே வீடு திரும்பலாம். திருச்சி டென்னிஸ் அந்தக் கேணிதான். தண்ணீர் ஒன்று, குளிக்கிறவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

படி படியாக ஏறி இறங்கி நம்மவர் ஒரு வாட்ஸ்அப் குழு சேர்த்துவிட்டார். "நாளை காலை 6.30. மூணு பேர் இருக்கோம், ஒரு கை குறையுது" என்று தினமும் இரவில் செய்தி போடுவார். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் யாரென்று அவருக்கும் தெரியாது. பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல் விழும். காலையில் கோர்ட்டுக்கு விரல் வராது. ஸ்ரீரங்கத்து நண்பருக்கு மார்கழி முழுக்கத் திருப்பாவை, அதிலேயே பகல் பத்து, இராப்பத்து. வெயில் ஏறாமல் ஆடத் தோதான ஒரே மாதம் பெருமாள் கணக்கில் போய்விடும். திருவெறும்பூர்க்காரருக்கு ஷிப்ட். டாக்டர் ஒருவர் தவறாமல் வருவார். அவர் பின்தங்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்.

ராமநாதன் கிருஷ்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பெருமூச்சு விடுவார் நம்மவர். கிருஷ்ணனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா டி.கே. ராமநாதன். கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார், 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதி ஆடினார். மகன் ரமேஷ் 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அமிர்தராஜ் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். ஆனந்தும் விஜய்யும் 1976-இல் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி வரை போனார்கள். ஆள் தேடி எவரும் பஸ் ஏறவில்லை. இந்த வரலாற்றைப் படித்த தெம்பில், மகளுக்கு வரன் பார்க்கும்போது "மாப்பிள்ளை டென்னிஸ் ஆடுவாரா?" என்று கேட்டுவிட்டார். தரகர் அதைக் கெட்ட பழக்கங்களின் பட்டியலில் சேர்த்து, "அதெல்லாம் கிடையாதுங்க, ரொம்ப நல்ல பையன்" என்றார்.

உண்மை என்னவென்றால், ஆள் கிடைக்காமல் இல்லை. ஒரு கல்லூரிப் பையன் கிடைத்தான். அவன் சர்வீஸ் போனதே தெரியவில்லை, "ரொம்ப அவசரக்காரன்" என்று கழித்தார். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் கிடைத்தார். பந்து பொறுக்குவதிலேயே பொழுது போகிறது என்று அவரும் போனார். கடைசியில் சரிக்குச் சமமாக ஒருவர் அமைந்தார். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், கோட்டைத் தொட்டாலும் பந்து உள்ளேதான். ஆட்டம் சமம் என்றால் பந்தெல்லாம் கோட்டு மேல்தான் விழும் போலிருக்கிறது. ஒரு மாதத்தில் பேச்சுவார்த்தை நின்றது. அவர் தேடுவது இணையான ஆளை அல்ல. தன்னைவிட அரை விரல் கம்மியாக ஆடி, அதையும் தானாக வெளியில் சொல்லாத ஆளை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மட்டை ஏதாவது இருந்தால் தயவுசெய்து இறக்குங்கள். நரம்பு தளர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பந்தும் காபியும் அவர் செலவு. முதல் செட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டாவதை டை-பிரேக்கர் வரை இழுங்கள். தப்பித் தவறி ஜெயித்துவிட மட்டும் வேண்டாம். ஜெயித்தால் அந்த 2008 கதையை முழுசாகக் கேட்க வேண்டியிருக்கும்.