உட்கார்ந்தே ஓடுகிறவர்கள்

ஆங்கிலத்தைக் கண்டு நம்மவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பயப்படுகிற இடம்தான் தப்பு. வாய்க்குள் நுழையாத நீளமான சொற்களைப் பார்த்து நடுங்குகிறோம். உண்மையில் அவை பரம சாதுக்கள். ‘ஃபோட்டோசிந்தெசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அர்த்தம் எண்பது வயதிலும் மாறாது. அந்தச் சொல் இலையை விட்டு இறங்கி வந்து வேறு வேலை எதுவும் பார்க்காது. பயப்பட வேண்டியது எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மூன்றெழுத்துச் சொற்களுக்கு. அவற்றில் மகா கேடி ‘ரன்’. ‘ஓடு’ என்று அர்த்தம் சொல்லிவிட்டு, டீச்சர் நிம்மதியாக அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். மிச்சத்தைப் பிள்ளை ஆயுள் முழுக்கத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

மிச்சம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டது ‘செட்’. வினைச்சொல்லுக்குச் சுமார் 430 அர்த்தம். அடுத்த பதிப்புக்கான திருத்த வேலையில் ‘ரன்’ அதை ஓரங்கட்டிவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645. அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று அர்த்தம். ஓடுவதைப் பற்றி ஒன்பது மாதம் ஆராய்ந்த மனிதர் அத்தனை காலமும் நாற்காலியில்தான் இருந்திருப்பார்.

அதிலும் குறை சொல்ல முடியாது. இந்த 645-இல் காலுக்கு வேலை வைப்பவை சொற்பம். மானேஜர் ஆபீஸை ‘ரன்’ செய்கிறார். சுழல் நாற்காலியை விட்டு அவர் எழுந்திருப்பது டிபனுக்கு மட்டும். 102 டிகிரி காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவரும் ‘டெம்பரேச்சர் ரன்’ செய்கிறார். ‘ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்புகிறவர் அநேகமாக இன்னும் பல்கூடத் தேய்த்திருக்க மாட்டார். மூக்கு ஓடும், துணியின் சாயம் ஓடும், அமெரிக்கப் பெண்மணியின் ஸ்டாக்கிங் இழை பிரிந்தால் அதுவும் ஓடும். சொந்தக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஓட்டத்துக்கென்றே பிறந்த கிரிக்கெட்டில்கூட பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் நாலு ‘ரன்’, ஆறு ‘ரன்’. அடித்தவர் மட்டையை ஊன்றிக்கொண்டு கையுறையைச் சரிசெய்துகொள்வார். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டன் வேட்பாளர் நிற்கிறார். இதில் நாம் பிரிட்டன் கட்சி. நிற்கிறோம்; நின்றபடியே ஓட்டு கேட்கிறோம். இந்த ஊதிப்பெருத்தலில் பெரும்பங்கு இயந்திரங்களுடையது. ஆலை வந்தது, ரயில் வந்தது, கடைசியில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் புதுச்சொல் தேடச் சோம்பல்பட்டு, இருந்த ஒரு சொல்லின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள்.

இது தனியாக இருக்கும்போது செய்கிற அட்டகாசம். பக்கத்தில் ஒரு துண்டுச்சொல் வந்து ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ‘ரன் அவுட்’ என்றால் என்ன என்று நம் தெருப்பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதே பிள்ளை வளர்ந்து லண்டன் போய், வீட்டில் பால் ‘ரன் அவுட்’ என்று கேள்விப்பட்டால், ஸ்டம்பில் எறிந்தது யார் என்றுதான் முதலில் தோன்றும். சர்க்கரை, பெட்ரோல், பொறுமை, விசா எல்லாமே அங்கே ரன் அவுட் ஆகும். அப்பீல் செய்ய அம்பயர் கிடையாது. லாரி ஒருவர் மேல் ஏறினால் ‘ரன் ஓவர்’. கூட்டம் நேரம் கடந்து இழுத்தாலும் ‘ரன் ஓவர்’. கணக்கை இன்னொரு தரம் மேலோட்டமாகப் பார்த்தாலும் ‘ரன் ஓவர்’. இதில் முதலாவதற்கு மட்டும்தான் போலீஸ் வரும். இரண்டாவதற்கும் வந்தால் தேவலை. புதுக் காரைப் பதமாக ஓட்டிப் பழக்குவது ‘ரன் இன்’, ஆளைப் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைப்பதும் ‘ரன் இன்’. கொச்சைக்கு இறங்கினால், பன்மையில் ‘த ரன்ஸ்’ என்பது வயிற்றுப்போக்கு. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு பில் கட்டாமல் நழுவுவது ‘டூ எ ரன்னர்’. இவை இரண்டில்தான் மனிதர்கள் நிஜமாகவே ஓடுகிறார்கள். கொச்சைக்கு இருக்கிற நேர்மை அகராதிக்கு இல்லை.

அகராதிக்காரர்கள் மயிரைப் பிளந்து எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள் என்று ஒரு கட்சி உண்டு. ஆறு ஓடுவதும் குழாய் ஓடுவதும் மூக்கு ஓடுவதும் ஒரே சமாசாரம்தானே, எதற்கு மூன்று எண்? வாதம் சரி. தாராளமாகச் சுருக்கிக்கொள்ளட்டும். ஆனாலும் காய்ச்சலும் கைதும் காலாவதியான விசாவும் எந்தச் சுருக்கலுக்கும் மசியாது. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது இன்னொரு சமாதானம். முக்கால்வாசி அர்த்தம் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் இடம் உதவும். தெரியாதவருக்கு இடமும் இருட்டு.

கனமான ஆட்சேபம் வேறு. தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, கவலையில் ஒன்றுமே ஓடவில்லை. வண்டியை ஓட்டுகிறோம், காலத்தை ஓட்டுகிறோம், நண்பனை உட்காரவைத்துக் கூட்டமாக ஓட்டுகிறோம். ஒப்புக்கொள்கிறேன், தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரரும் நம் சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுவார். என் கட்சிக்கு அது பலம்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தானே போனால் ‘ஓடு’, பிறிதொன்றைப் போகவைத்தால் ‘ஓட்டு’ என்று நாம் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஓடுபவனுக்கும் ஓட்டுபவனுக்கும் ஒரே ‘ரன்’. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினைகள் இருந்தன. பின்னால் ஒன்றோடொன்று கலந்துபோயின. கையில் இருந்த வசதியைத் தொலைத்துவிட்டு 645-இல் வந்து நிற்கிறார்கள்.

சின்னச் சொற்கள் சுலபம் என்று நம்பித் திட்டமே போட்டவர் சி. கே. ஆக்டன். 1930-இல் அவர் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ மொத்தமே 850 சொல், வினை வெறும் 18. ஜாக்கிரதையான மனிதர், அந்த 18-இல் ‘ரன்’னைச் சேர்க்கவில்லை. ஆனால் ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’ மூன்றையும் உள்ளே விட்டுவிட்டார். திருடனை வெளியே நிறுத்தி அவன் தம்பிகளைக் கூடத்தில் உட்காரவைத்த கதை. சர்ச்சில் 1943-இல் ஹார்வர்டில் இந்தத் திட்டத்தைப் பாராட்டிப் பேசினார். ரூஸ்வெல்ட்டோ, சர்ச்சிலின் பேர்போன கண்ணீரும் வியர்வையும் இந்த ஆங்கிலத்தில் கண் தண்ணீர், முகத் தண்ணீர் என்றல்லவா ஆகியிருக்கும் என்று கேலி செய்தார். (கண்ணீரைப் பொறுத்தவரை தமிழனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை, நாம் வெகுகாலமாக அப்படித்தான் அழுதுகொண்டிருக்கிறோம்.) 18 வினை என்பது கணக்குக்குத்தான் 18. விட்ட சொற்களின் வேலையையெல்லாம் அவற்றின் முதுகில் ஏற்றியதால், படிக்க வந்தவர் எண்ணிக்கையில் மிச்சம் பிடித்ததை அர்த்தத்தில் கட்டித் தீர்த்தார்.

முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று சுவருக்குச் சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் வகுத்தல் கணக்கு மட்டும் ஒன்று போட்டுப் பார்க்கலாம். 645-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு இருபத்தொன்றரை அர்த்தம். ‘ரன்’ ஒன்றுக்கே மாதம் சரியாகிவிடும். ‘செட்’டுக்குத் தனி ஃபீஸ் வாங்கினாலும் தப்பில்லை.