ஒரு முழ ஒயர்

விமான நிலையக் காத்திருப்புக் கூடங்களில் செல்போன் சார்ஜ் ஏற்றும் கம்பங்களை வடிவமைத்தவர்கள் நீடூழி வாழ்க! இருக்கை ஒரு மூலை, பிளக் பாயின்ட் மறு மூலை. ஒயரோ ஒரு முழம். கோட்டு சூட்டுப் போட்ட கனவானும் தூணடியில் சம்மணமிட்டு உட்காருகிறார். சமத்துவத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பாக்கியம் வடசென்னைக்கும் உண்டு. 2021 முதல் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே மீனம்பாக்கம் விமான நிலையம். வீட்டில் கரண்ட் போனால் கவலை எதற்கு? உள்ளே விட விமான டிக்கெட் கேட்பார்கள். மதுரைக்கு ஒன்று எடுத்தால் போயிற்று. பறக்க வேண்டியதில்லை, பேட்டரி நிரம்பியதும் திருவொற்றியூர் திரும்பிவிடலாம்.

மின்சாரப் பங்கீட்டில் குறையே சொல்ல முடியாது. அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டுமே 1,830 மெகாவாட். மின்சாரம் ஊருக்கெல்லாம் போகிறது. விமானப் பயணிக்கு சார்ஜ் இலவசம். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து எண்ணூர்க்காரருக்கும் ஒன்று இலவசம்: சாம்பல். அதற்கு டிக்கெட் வேண்டாம், ஒயர் வேண்டாம், வரிசையும் வேண்டாம். கொசஸ்தலை ஆறுவரை கொண்டுவந்தே கொடுத்துவிடுகிறார்கள்.