ஆட்டுக்கு எடை உண்டு

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில் ஆடாகப் பிறப்பதில் ஒரு வசதி இருக்கிறது. சாதா ஆடாக அல்ல, மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையில் பாரத் மெரினோவாகப் பிறக்க வேண்டும். 1965-லிருந்து இங்கே இருக்கிற ஆராய்ச்சி நிலையம் அது. குட்டி விழுந்ததும் எடை. பால் மறந்ததும் எடை. ஆறு மாதத்தில் ஒன்று, வருடம் திரும்பும்போது ஒன்று. காதில் எண், ஏட்டில் பதிவு, கத்தரித்த ரோமத்துக்குத் தனிக் கணக்கு. எடை குறைந்தால் தீவனத்தைப் பார்ப்பார்கள், வயிற்றில் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தராசைத் தூக்கி ஏரியில் எறிந்துவிட்டு "எங்கள் ஆடுகள் நலம்" என்று அறிக்கை விட மாட்டார்கள்.

தராசை எறிகிற அந்த மரியாதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

நம் கதைக்கு முன்னால் கத்தாரைச் சொல்கிறேன். எண்ணெயும் எரிவாயுவும் பீறிட்டு வருகிற தேசம். காசிருந்தால் படிப்பையும் பெட்டி பெட்டியாக இறக்கலாம் என்று நம்பியது. ஏ.சி. கெட்டுப்போனால் கம்பெனி ஆளைக் கூப்பிடுவதுபோல, 2001-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பள்ளிகளைப் பழுது பார்க்கச் சொன்னது. தோகாவில் 'கல்வி நகரம்' கட்டி கார்னெல், கார்னகி மெலன், ஜார்ஜ்டவுன் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகளைக் கொண்டுவந்து நட்டது. கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. அரபியும் போச்சு, ஆங்கிலமும் வரவில்லை என்று வீடுகளில் புலம்பல் எழுந்ததும் திரும்ப அரபிக்கே ஓடியது. இதைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. வாசலில் 'ஆங்கில வழி' என்று பலகை மாட்டினால் பாதிப் பாடம் நடத்தி முடித்ததாக நினைக்கிற மாநிலம் நம்முடையது.

2006-ல் கத்தார் பீசா தேர்வில் உட்கார்ந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாசித்தது புரிகிறதா, படித்த கணக்கை வெளியே போட்டுப் பார்க்கத் தெரிகிறதா என்று பல நாடுகளில் ஒரே நேரத்தில் சோதிக்கிற தேர்வு. எழுதியவை 57 நாடுகள். கத்தாருக்கு 56-வது இடம். கணக்கில் 318 மதிப்பெண். அதற்கும் கீழே கிர்கிஸ்தான் மட்டும். உலகமே பார்க்க ஷேக்குகளின் மானம் சந்தியில் நின்றது.

அடுத்த சுற்றில் நாமும் போனோம். இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். இரண்டும் நன்றாகப் படிக்கிற மாநிலங்கள் என்று பெயரெடுத்தவை, அதனால்தான் அனுப்பினார்கள். 2011 கடைசியில் முடிவு வந்தது. 74 இடங்களில் தமிழ்நாடு 72. துணைக்குப் பழைய சிநேகிதன் கிர்கிஸ்தான். தமிழ்நாட்டில் 100 பிள்ளைகளுக்கு 17 பேர்தான் வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்டிருந்தார்கள். மீதி 83 பேரும் நம் பள்ளிகளில் ஒன்பது, பத்து வருடம் பெஞ்சைத் தேய்த்தவர்கள்.

டெல்லி என்ன செய்தது? கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றது. 2012-ல் எழுதவில்லை, 2015-ல் எழுதவில்லை, 2018-ல் எழுதவில்லை. அடுத்த தடவை கட்டாயம் எழுதுவோம் என்று 2019-ல் ஒப்பந்தம் போட்டது. 2022-ல் அந்தத் தேர்வு நடந்தபோதும் எழுதவில்லை. எதற்கெடுத்தாலும் டெல்லியோடு மல்லுக்கு நிற்கிற சென்னை, இந்த விஷயத்தில் மட்டும் சத்தமில்லாமல் பின்பக்கமாக நழுவிக்கொண்டது. அதற்குப் பதிலாக இப்போது நாமே வினாத்தாள் தயாரித்து, நாமே திருத்தி, நாமே முதுகில் தட்டிக்கொள்கிறோம். சொந்த மொய்யைத் தானே எழுதிக்கொள்கிற கல்யாண வீடு.

இங்கே மேல்மலைக்காரர்கள் மலைப்பூண்டை மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு இறக்குகிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. அங்கே ரகம் பிரிப்பார்கள், எடை போடுவார்கள். "உங்க தராசு எங்க மலைப் பண்பாட்டுக்குச் சேராது" என்று ஒரு விவசாயி சொல்லிப் பார்க்கட்டும். வியாபாரி சிரித்துத் தீர்த்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கி வைப்பார்.

தேர்வென்றால் நமக்கு ஒவ்வாமை என்றாலும் விட்டுவிடலாம். பத்து வயதுக் குழந்தைக்கே பொதுத்தேர்வு வைக்கிறோம் என்று 2019-ல் கிளம்பி, ஊரே கொதித்த பிறகு 2020-ல் கைவிட்ட ஆட்கள்தானே நாம்? நீட்டுக்குப் போகிற பெண்ணின் தலைமுடியை அவிழ்த்துத் தேடுகிறோம், முழுக்கை சட்டையை வெட்டுகிறோம். பிள்ளை தோற்றால் "அழாதே, திரும்ப எழுது" என்று தலையைத் தடவுகிறோம். அரசாங்கம் தோற்றால் மட்டும் தேர்வு மையத்தின் சுவரேறிக் குதித்துவிடும். அன்றைக்குத் தோற்ற பிள்ளைகள் இப்போது முப்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களின் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதே பெஞ்சுதான்.

கத்தார் ஓடவில்லை. அடுத்த சுற்றிலும் எழுதியது. கணக்கில் 318 என்பது 368 ஆனது, 376 ஆனது, 402 ஆனது, 2018-ல் 414-க்கு வந்து அங்கேயே நிற்கிறது. பணக்கார நாடுகளின் சராசரியை இன்னும் தொடவில்லை. இதிலும் ஒரு சூது இருக்கிறது. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் சொந்த நாட்டுப் பிள்ளைகளைவிட நன்றாக எழுதுகிறார்கள். இந்தியப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான். நம் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் ஷேக்கின் மதிப்பெண்ணைத் தூக்கிவிடுகிறது. ஆனால் உட்காருவதற்கு அப்பனின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கு விசா கிடையாது. பல்கலைக்கழகத்துக்குச் சென்ட்ரிங் அடித்தவனின் பிள்ளை இங்கேயேதான்.

மேல்மலையிலிருந்து தோகாவுக்குக் கொத்து வேலைக்குப் போன ஒருவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பய எப்படிப் படிக்கிறான்?"

"நல்லாத்தான் படிக்கிறானாம்ங்க. டீச்சர் சொன்னாங்க."

"கெடா?"

"முப்பத்தி ரெண்டு கிலோ நிக்குது."