திரை விலகுமுன் தீர்ப்பு

கார்ட்டூன் படமொன்று மேடை இசை நாடகமாகிறது என்று செய்தி வந்தால் போதும். மொனராகலை டவுன் டீக்கடையில் பிளேன்டி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"மனுசன் சிங்க வேசம் கட்டுறதா? சரிவராது தம்பி!"

"நாடகம் பாத்தீங்களாண்ணே?"

"அது அடுத்த வருசம்தானே வருது!"

1997இல் 'லயன் கிங்' பிராட்வேக்கு வந்தபோதும் உதடு பிதுக்கியவர்கள் உண்டு. இயக்குநர் ஜூலி டேமோர் முகமூடியை நடிகரின் தலைக்கு மேலே ஏற்றினார்; மிருகமும் தெரிந்தது, மனிதனும் தெரிந்தான். கைகளிலும் கால்களிலும் கட்டை கட்டி ஒட்டகச்சிவிங்கி நடந்தது. மறுவருடம் 6 டோனி விருதுகள். நாடகம் இன்னும் ஓடுகிறது.

நம் அண்ணனோ மாசி மாதம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். மீசை மழித்த பெரியப்பா மகன் ரதியாகி ஒப்பாரி வைப்பான். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைப்பார். மதன் எரிவான் என்பது அவருக்குப் போன வருசமே தெரியும்.

ரதிக்குள்ள சலுகை சிங்கத்துக்கு இல்லை. பாவம், அது தோட்டத்துக் கோயில் கமிட்டியைக் கேட்காமல் வேசம் கட்டிவிட்டது.